பேணித் தகரமும் புதுச் சைலன்சரும்

பெரியப்பாவின் ஒஸ்டின் ஏ40 சந்தியில் திரும்பும்போதே வீட்டில் தேநீருக்கு உலை வைத்துவிடுவார்கள். அவ்வளவு சத்தம். 1990-களின் யாழ்ப்பாணம், பொருளாதாரத் தடைக் காலம். கார்புரேட்டருக்குச் சில துளி பெற்றோல் காட்டி இஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதுச் சைலன்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருநாள் கராஜுக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கிருந்த முதியவர் எடுத்த எடுப்பில் காருக்கு அடியில் போய்ப் படுக்கவில்லை. இஞ்சின் ஆறிவிட்டதா என்று கைவைத்துப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நனைத்த சாக்கை மடித்துப் புகைக்குழாயின் வாயில் பொத்தினார். “தம்பி, இப்ப குனிஞ்சு காதைக் குடும். எவடத்தில சீறுது?” நடுக்குழாயில், பெட்டிக்கு ஒரு சாண் முன்னால், உஸ்ஸென்றது. அந்த இடத்தைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது. பால்மாப் பேணி ஒன்றை வெட்டி விரித்தார். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு, தகரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, இரு நுனியையும் கம்பியால் முறுக்கினார். ஆறு மாதம் தாங்கியது.

இருபது வருடம் கழித்துத் திருச்சியில் பழைய மாருதி 800 ஒன்று வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். பட்டறைக்குப் போனேன். “சார், பின்னாடி பாக்ஸ் போயிடுச்சு, மாத்திடலாம். பொருள் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்” என்றார் இளைஞர். அரைமணி நேரத்தில் பளபளவென்று புதுச் சைலன்சர் தொங்கியது. மறுநாள் காலை அதே ‘டிக் டிக்’. குற்றவாளி பின்னால் இல்லை. இஞ்சினில் புகைக்குழாய் வந்து சேரும் இடத்து காஸ்கெட். குளிரில் இடைவெளி விட்டு, சூட்டில் இரும்பு விரிந்ததும் தானே அடைத்துக்கொள்கிற நோய் அது. பத்து நிமிடத்தில் சத்தம் அடங்குவதைப் பட்டறையில் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருந்தேன், யாரும் கேட்கவில்லை.

கடலின் இரு கரைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கை முதலில் ஸ்பேனரைத் தேடும். பொருள் இல்லாத ஊரில் காது முதலில் வேலை செய்யும். திருச்சி இளைஞரைத் திட்டிப் பயனில்லை. மாருதிக்கு உள்ளூரிலேயே பலர் சைலன்சர் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் ஓட்டை தேடுவதைவிட மாற்றிவிடுவது அவருக்கு லாபம். சென்னையில் புதிது வேண்டுமானால் ஜி.பி. ரோடு, பழையது வேண்டுமானால் புதுப்பேட்டை.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய ஜப்பான் கார்களின் விலை ஏறியதை அங்கே யாரிடம் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார்கள். காரை விட்டுவிட முடியாது, ஒட்டி ஒட்டித்தான் ஓட்டவேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சைலன்சர்களை விரலால் தட்டித் தட்டி வாங்குகிறார்கள். உள்ளே தகடு உதிர்ந்திருந்தால் கலகலக்கும். நல்லதென்றால் ‘தொம்’ என்று அடங்கிய ஒலி. கழற்றிய ஜப்பான் சைலன்சர் ஒன்று, புதிதாக வாங்கிய மலிவுச் சரக்கைவிட அதிக நாள் உழைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

2022-இல் அங்கே பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டை வைத்துக் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தபோது இன்னொன்றும் நடந்தது. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடிய கார்களின் சைலன்சர்கள் மளமளவென்று உளுத்தன. ஒரு லிட்டர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையில் வருகிறது. நீண்ட ஓட்டத்தில் குழாய் சூடாகி அது வெளியேறிவிடும். குறுகிய ஓட்டத்தில் குளிர்ந்து பின்பெட்டிக்குள்ளேயே தேங்கும். துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, உள்ளிருந்தும் தின்னும். அந்தத் தண்ணீர் வடிவதற்காகவே பல பெட்டிகளின் அடியில் ஊசித் துளை ஒன்று வைத்திருப்பார்கள். அது ஓட்டையென்று நினைத்து வெல்டிங் வைத்து மூடுவதை யாழ்ப்பாணத்திலும் பார்த்தேன், திருச்சியிலும் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை பூரணம்.

சத்தத்தின் குணத்தைக் கவனித்தால் பாதிச் செலவு மிஞ்சும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ‘ஜிர்ர்’ என்றால் பெரும்பாலும் சூட்டுத் தடுப்புத் தகடு ஆடுகிறது. சமையல் காஸ் குழாய்க்குப் போடும் வகைக் கிளிப்பில் கொஞ்சம் பெரியது ஒன்று போதும். வேகத்தடையில் ‘டொக்’ என்றால் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கும். ‘பட பட’ என்று ஆக்சிலேட்டரோடு ஏறினால்தான் ஓட்டை. அங்கேயும் ஒட்டுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கவேண்டும். உள்ளே இறங்கினால் அந்த இடம் தாள்போல ஆகிவிட்டது. வெல்டிங் வைக்க வைக்க ஓட்டைதான் பெருகும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, துண்டுக் குழாய் சேர்ப்பதே மலிவு. மின்வெல்டிங் என்றால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய கார்களின் கம்ப்யூட்டர் ஒரு நல்ல சைலன்சரைவிடப் பல மடங்கு விலை.

பேணித் தகரத்தையும் நான் புகழ்ந்து கொண்டிருக்கமாட்டேன். ஒஸ்டினில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது. இன்றைய காரில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெற்றோல் போதவில்லை என்று நினைத்து இஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். காருக்குள் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலை மூடி ஏசி போட்டு ஓட்டுகிறவர்கள் ஓட்டையை நாளைக்கென்று தள்ளக்கூடாது.

இரு நாட்டுச் சட்டமும் சைலன்சரை ஒரே மாதிரி நெருக்கவில்லை. இலங்கையில் 2008-இல் தொடங்கிய புகைப் பரிசோதனை வருட வாகன வரி லைசன்ஸோடு கட்டப்பட்டது. அதனால் லைசன்ஸ் முடியும் மாதத்தில்தான் பலருக்குச் சைலன்சர் ஞாபகம் வரும். இந்தியாவில் பியூசி என்ற புகைச் சான்று பழைய கார்களுக்கு ஆறு மாதம், பிஎஸ்-4 மாசுத் தரமும் அதற்குப் பிந்தியதும் உள்ளவற்றுக்கு ஒரு வருடம். ஒலி, புகை விதிகளை மீறினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். ஆனாலும் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பதைக் குடைந்தெடுத்துவிட்டு வெறுங்குழாயாக ஒட்டித் தரும் பழக்கம் இரு கரையிலும் உண்டு. அதிலிருக்கும் பிளாட்டினமும் பல்லேடியமும் யார் கைக்குப் போகின்றன என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

போன மாதம் ஒன்றுவிட்ட தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தான். அவனுடைய வேகன் ஆர் சத்தம் போடுகிறதாம், முழுச் சைலன்சரையும் மாற்றவேண்டும் என்கிறார்களாம். போனைக் காரின் முன்பக்கம் பிடிக்கச் சொன்னேன்.

“சூடானாப் பிறகு நிக்குதோ?”

“ஓமண்ணை, தியேட்டரடி தாண்ட நிண்டிடும்.”

“அப்ப காஸ்கெட். வேற ஒண்டும் மாத்தவேண்டாம் எண்டு சொல்லு.”

“காஸ்கெட் கொழும்பிலயிருந்து வரவேணுமாம், ஒரு கிழமையாகுமாம். பெரியப்பாவின்ர ஆள் இருந்திருந்தால் பேணியில வெட்டித் தந்திருப்பார், என்ன?”

இது பேணிக்கு அடங்காது, ஒரு கிழமை பொறு என்றேன்.