கைத்துப்பாக்கியும் கைவினை ஆர்வமும்

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே இருக்கும் ஐயம்பேட்டையில், தறி இழுத்துப் பிடித்தால் நெசவாளி மெக்கானிக்கைத் தேடி ஓடுவதில்லை. பண்ணையில் இழை சிக்குகிறதா, விழுது தளர்ந்திருக்கிறதா, மிதி கனக்கிறதா என்று தானே பார்த்துச் சரிசெய்துகொள்கிறார். கருவியைப் பிடிப்பவரே அதன் உள்விவகாரத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது நெசவூர்களில் ஊறிய பழக்கம். வீட்டிலேயே கைத்துப்பாக்கி செய்யவும் சீராக்கவும் கற்கும் பொழுதுபோக்குக்கும் இந்த நியாயம் செல்லுமா?

செய்வது வேறு, சீராக்குவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சீராக்குவதில் உண்மையான பலன் உண்டு. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. பிடி உள்ளங்கையில் சரியாக உட்காராவிட்டால் விசையை இழுக்கும்போது குழல் நுனி அசையும், குண்டு விலகும். அதனால்தான் வீரர்கள் மரப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தும், பள்ளமான இடத்தில் மரப்பசை பூசியும், தங்கள் கையளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த வேலை பொறுமையைக் கற்றுத்தரும். தன் தவறு எது, கருவியின் தவறு எது என்று பிரித்துப் பார்க்கவும் கற்றுத்தரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கி பழுதாகி நேரத்தை இழந்த மனு பாக்கர் 12ஆம் இடத்தோடு வெளியேறினார். 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். கருவியின் நலம் வீரரின் கவலையும்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குறைகளும் இங்கேயே தொடங்குகின்றன. விசை இலகுவானால் மதிப்பெண் கூடும் என்று நம்பித் திருகாணியைத் தளர்த்திக்கொண்டே போகிறவர்கள் உண்டு. போட்டி விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காற்று உருளையில் 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்கும் ஆசை ஆபத்தானது. இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது: நிற்கும் நிலையிலும் மூச்சிலும் உள்ள பிழையை மறைக்கக் கருவியைக் குறைசொல்லப் பழகிவிடுவது.

வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கியை வீட்டில் செய்வதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. கல்வராயன் மலை, ஜவ்வாது மலைப் பக்கங்களில் காவல்துறை கைப்பற்றும் நாட்டுத் துப்பாக்கிகளிலும் கைத்திறமை இருக்கிறது. ஆனால் அவற்றின் குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதித்துச் சான்று தருவதில்லை. அறுந்த இழையை முடிந்துவிட்டு நெசவைத் தொடரலாம். வெடித்த குழல் பறித்த விரலையும் கண்ணையும் மீட்க வழியில்லை. பாதிக்கப்படுவது செய்தவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் பிள்ளையும்தான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை; ஆயுள்வரைகூடப் போகலாம். பொழுதுபோக்கு என்ற காரணத்துக்கு அதில் விலக்கு இல்லை. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால், ஆர்வமுள்ளவருக்கு நேர்வழி திறந்தே இருக்கிறது.

அந்த வழியை அகலமாக்குவது நம் பொறுப்பு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கியோடு இரண்டு ஒலிம்பிக் களங்களைக் கண்டவர். அவரைப் போன்றவர்களுக்குக் கருவியைப் பேணிக் கொடுக்கும் வல்லுநர்களும் நமக்கு வேண்டும். துப்பாக்கிச் சுடுதல் சங்கங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் சேர்ந்து, பயிற்சியாளரின் கண்காணிப்பில் இந்தப் பராமரிப்புக் கலையைப் பாடமாகவே கற்பிக்கலாம். நுண்வேலை பழகிய நெசவூர்ப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலையாகும். பிடியையும் குறிமுனையையும் சீராக்கக் கற்றுக்கொள்ளுங்கள். துப்பாக்கி செய்யும் வேலையை உரிமம் பெற்ற தொழிற்சாலைக்கே விட்டுவிடுங்கள்.