'மன்' என்பது யார்?

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தரும் இலக்கண நூல்கள், 'எஸ்', 'மன்' என்ற இரண்டு பிரதிப்பெயர்களையும் சில வேளைகளில் 'ஆள்சாராதவை' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகின்றன. இந்த வகைப்படுத்தலில் ஓர் அரசியல் இருக்கிறது என்பது என் வாதம்.

'எஸ் ரேக்னெட்' என்றால் மழை பெய்கிறது. இங்கே 'எஸ்' யாருமில்லை. எழுவாய் இருந்தாக வேண்டிய இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். 'மியர் இஸ்ட் கல்ட்' என்பதில் அதுகூடக் கிடையாது. நம்ம 'எனக்குக் குளிருது' மாதிரியேதான். ஆங்கிலப் பழக்கத்தில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று ஜெர்மனில் சொன்னால், ஈரமில்லாத மனசுக்காரர் என்று ஆகிவிடும்.

'மன்' அப்படியில்லை. 'மன் ஹட் ஈன் ஃபர்ஹாஃப்டெட்': அவனைக் கைது செஞ்சுட்டாங்க. கைது மழை மாதிரி தானாகப் பெய்வதில்லை. ஆள் இருக்கிறார், வாக்கியம் அவரை மறைக்கிறது. ஆளில்லாத வாக்கியத்தையும் ஆளை மறைத்த வாக்கியத்தையும் ஒரே பெயரில் அழைப்பது எப்படி நடுநிலை ஆகும்?

'மன்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஒன்', 'யூ', 'தே', 'பீப்பிள்' எதையும் போட்டுக்கலாம் என்கிறார்கள். நான்கும் ஒன்றல்ல. 'யூ' கேட்கிறவரையும் உள்ளே இழுக்கிறது. 'தே' என்றதும் சொல்கிறவர் நைசாக வெளியே வந்துவிடுகிறார். ஜெர்மன் 'மன்' இந்த முடிவை எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை.

ஹைடெக்கர் 1927இல் 'இருத்தலும் காலமும்' நூலில் இச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி 'தஸ் மன்' என்றார். அந்த முகமற்ற திரளில் நானும் அடக்கம் என்பதே அங்கு முக்கியம். 1962இல் மக்குவாரியும் ராபின்சனும் அதை 'தே' என்று மொழிபெயர்த்தார்கள். வாசகர் தப்பித்துக்கொள்ள வாசல் திறந்தாச்சு. 1991இல் ஹூபர்ட் டிரைஃபஸ் 'ஒன்' என்பதே பொருத்தம் என்று வாதிட்டது வெறும் சொல்தகராறு அல்ல. இந்தத் திரளைப் பற்றி எழுதிய ஹைடெக்கரே 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். திரள் என்றாலே 'அவங்க' என்று வாசிக்கிறவருக்கு இதை எதிர்கொள்வது கஷ்டம்.

இன்னொன்று. 'மன்' எழுவாயாக மட்டுமே வரும். செயல் தன்மேல் விழும்போது அது காணாமல்போய் 'ஐனென்', 'ஐனெம்' என்று வேறு சொல் வந்து நிற்கிறது. அதன் உடைமைச் சொல்லோ 'ஸைன்', அதாவது 'அவனுடைய'. ஆணைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை, உச்சரிப்பும் ஒன்றே. 1970களில் மேற்கு ஜெர்மன் பெண்ணியவாதிகள் 'மன்' இருந்த இடத்தில் 'ஃபிரௌ' (பெண்) என்று எழுதிக்காட்டினார்கள். 1984இல் லூயிஸே புஷ் ஜெர்மனை ஆண்மொழி என்றே தன் நூல் தலைப்பில் அழைத்தார். 'ஃபிரௌ' கண்ணை உறுத்தியது. உறுத்திய பிறகுதான் 'மன்' காலி நாற்காலி அல்ல என்பது பலருக்குத் தெரிந்தது.

ஆகவே கற்பவர் 'மன்' வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்கு ஆங்கிலச் சொற்களாலும் பெயர்த்துப் பார்க்கட்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பது ஒவ்வொரு முறையும் மாறும். நம் துண்டறிக்கைகளில் வரும் 'என்று கருதப்படுகிறது', 'சொல்றாங்க' போன்றவற்றையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம்.