மூலிகை என்பது ஒரு சான்றா?

போன மாதம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். "தம்பி, நீதான் இதெல்லாம் படிக்கிறவனாச்சே, பாத்துச் சொல்லு. சிகரெட்ட விட்டு ஆறு மாசம் ஆச்சு." சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிக்குப் போய் ஒன்றைப் பற்ற வைத்தார். மூலிகை சிகரெட்டாம், ஒரு நாளைக்கு எட்டு. அவர் விட்டது புகையிலையை. புகையை இன்னும் விடவில்லை.

அந்தப் பிரசுரத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இருப்பவை மொத்தம் மூன்று வாதங்கள்.

முதலாவது, "இயற்கையானது, ஆகவே தீங்கற்றது". புகையிலையும் மண்ணில் முளைக்கிற செடிதானே? பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் செடி தயாரிக்கும் நஞ்சுதான் நிகோடின். அது கிடக்கட்டும். எந்த இலையைக் கொளுத்தினாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். துளசி என்பதால் நெருப்பு சலுகை காட்டாது. அமெரிக்காவில் மூலிகை சிகரெட் விற்ற நிறுவனங்கள், இவை உடல்நலத்துக்கு ஆபத்தானவை என்று விளம்பரத்திலேயே எச்சரிக்க வேண்டும் என 2000இல் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் ஏற்பாடு செய்தது. நம் பிரசுரத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, "வெளிநாட்டு மூலிகை லோபீலியா கலந்தது". இது பழைய கதை. லோபீலியாவில் உள்ள லோபெலின் நிகோடினைப் போல வேலை செய்யும் என்று நம்பி, அமெரிக்காவில் பல காலம் மாத்திரையாக விற்றார்கள். பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, 1993இல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் புகைநிறுத்த மருந்துகளிலிருந்து அதை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் விலக்கிவிட்டது. அங்கே கழித்துக் கட்டியதை இங்கே புதுசு என்று விற்கிறார்கள்.

மூன்றாவது, "ஆயிரக்கணக்கானோர் பயனடைந்தனர்". யார், எத்தனை மாதம், எதோடு ஒப்பிட்டு? பதில் கிடையாது.

மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். தேறி வந்த ஒன்று உண்டு: சைட்டிசின். லேபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. பல்கேரியாவில் 1964 முதல் டேபெக்ஸ் என்ற பெயரில் மாத்திரையாக விற்கிறார்கள். மூளையில் நிகோடின் போய் ஒட்டும் இடத்தில் இது ஒட்டி, அரைகுறையாக அதைத் தூண்டும். அதனால் தவிப்பு குறையும், சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. 2011இல் போலந்தில் 740 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் சைட்டிசின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, 25 நாட்கள். ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் சைட்டிசின் தரப்பில் 8.4 சதவீதம், வெறும் மாத்திரைத் தரப்பில் 2.4.

எவ்வளவு சின்ன எண் பாருங்கள்! நூறில் தொண்ணூறு பேருக்கு மேல் தோற்றிருக்கிறார்கள். அதை மறைக்காமல் எழுதியதால்தான் அதை நம்புகிறேன். ஒரு மாத்திரையில் 1.5 மில்லிகிராம், முதல் மூன்று நாள் தினம் ஆறு, பிறகு படிப்படியாகக் குறைப்பு என்று அளவும் தெளிவாக இருக்கிறது. நம் பிரசுரத்தின் அளவு "இரண்டு சிட்டிகை". எதில் இரண்டு சிட்டிகை என்பது டப்பாவிலும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. லேபர்னத்தின் மஞ்சள் பூங்கொத்து நம்ம ஊர் சரக்கொன்றை மாதிரியே தொங்கும். சரக்கொன்றைக்கு ஆங்கிலத்தில் 'இந்தியன் லேபர்னம்' என்றே பெயர் உண்டு. இரண்டும் வேறு வேறு மரங்கள். சரக்கொன்றை விதையில் சைட்டிசினைத் தேடாதீர்கள். அசல் லேபர்னம் விதையை அப்படியே மென்றால் அது விஷம்.

அண்ணனிடம் என்ன சொன்னேன்? அவர் புகைக்கும் எட்டில் நிகோடின் இல்லை. அப்படியென்றால் ஆறு மாதமாக நிகோடின் இல்லாமல்தான் இருந்திருக்கிறார். உடம்பின் தவிப்பு பெரும்பாலும் முதல் சில வாரங்களில் அடங்கிவிடும். "அண்ணே, கஷ்டமான பாதிய நீங்களே தாண்டிட்டீங்க. பேர் மட்டும் அந்தப் பெட்டிக்குப் போயிருச்சு. இனிமே இருக்கிறது கைப்பழக்கம்தான். அதுக்கு எதுக்கு நுரையீரலக் கொடுக்கணும்?" என்றேன். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் கிராம்போ ஏலக்காயோ மெல்லலாம். அது மருந்தல்ல, ஆனால் அதில் புகை இல்லை.

பதில் சொல்லவில்லை, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று போனில் பேசும்போது, "எட்டு மூணாயிருக்குடா" என்றார்.

இன்னும் புகையிலையிலேயே இருப்பவர்களுக்கு ஒன்று: சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 அரசின் இலவச எண். பிரசுரத்துக்குப் பணம் கட்டும் முன் அதில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.