கார்டு கட்டணம்: கடைக்காரர் எதற்குக் கொடுக்கிறார்?

கிரெடிட் கார்டு விற்பனையில் கடைக்காரரிடமிருந்து வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. சேவை என்றால் விலை இருக்கத்தானே செய்யும் என்பது வங்கிகளின் கட்சி. உழைப்பு எங்களுடையது, லாபத்தை அள்ளுவது அவர்களா என்பது கடைக்காரர்களின் கட்சி. எந்தப் பக்கம் நியாயம் என்று சொல்வதற்குமுன் அந்தக் கட்டணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான சிறு கடைக்காரர்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. என் குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்வைப் மெஷின் கொடுக்கும் வங்கி 'எம்.டி.ஆர்.' என்று ஒரு சதவீதத்தைச் சொல்கிறது. கிரெடிட் கார்டுக்குப் பொதுவாக ஒன்றரையிலிருந்து மூன்று சதவீதம். அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று பேரின் பங்கு இருக்கிறது. பெரும்பங்கு, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. இதற்குப் பெயர் இன்டர்சேஞ்ச். அடுத்த பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குக்கு. மிச்சம்தான் மெஷின் வைத்த வங்கிக்கு. நடுவில் பேமென்ட் நிறுவனம் ஒன்று இருந்தால் அதற்கும் இதிலேதான் பங்கு. கடைக்காரர் பேரம் பேசிக் குறைக்க முடிந்தது இந்தக் கடைசிப் பங்கை மட்டுமே. இன்டர்சேஞ்சை நிர்ணயிப்பது நெட்வொர்க். அதுவும் கார்டுக்குக் கார்டு மாறும். சாதாரணக் கார்டுக்கு ஒன்று, ரிவார்டு பாயிண்ட்டும் விமான நிலைய லவுஞ்சும் தரும் பிரீமியம் கார்டுக்கு அதைவிடக் கூடுதல். நெட்வொர்க்கின் ஒரு கிரெடிட் கார்டை ஏற்கும் கடை, அதன் விலை கூடிய கார்டுகளையும் ஏற்றாக வேண்டும் என்பது விதி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்ப் பொருள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 11,800. எம்.டி.ஆர். 2 சதவீதம் என்றால் 236 ரூபாய். பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அரசுக்காகக் கடைக்காரர் வசூலித்துத் தரும் 1,800 ரூபாய் வரிக்கும் சேர்த்தே இந்தப் பிடித்தம். 236 ரூபாயில் 36 ரூபாய் அந்த வரிப்பணத்தின் மேல் விழுந்தது. பிறகு கட்டணத்துக்கே ஜிஎஸ்டி 42 ரூபாய் 48 காசு. ஆகக் கணக்கில் வந்து சேர்வது 11,521 ரூபாய் 52 காசு. அந்தப் பொருளில் அவருக்கு 8 சதவீத லாபம், அதாவது 800 ரூபாய், என்று வைத்துக்கொண்டால், 236 ரூபாய் என்பது லாபத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம். 2 சதவீதம் என்று சிறிதாகத் தெரிந்தது இதுதான். கட்டணம் விற்பனையின் மேல் விழுகிறது. கடைக்காரர் சாப்பிடுவது லாபத்திலிருந்து.

அந்த 42 ரூபாய் 48 காசை ஜிஎஸ்டி பதிவுள்ள வழக்கமான வணிகர் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகருக்கு அந்த உரிமை கிடையாது. 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பது அவருக்கு ஓரளவு ஆறுதல். அதற்கு மேலே போனால், பெரிய கடைக்குத் திரும்பி வருகிற தொகை சின்னக் கடைக்குச் செலவாகவே நின்றுவிடுகிறது.

இனி வங்கிகளின் வாதம். மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். முதலாவது, வாடிக்கையாளர் ஐம்பது நாள் வரை வட்டியில்லாமல் கடன் வைக்கிறார்; கடைக்காரருக்கோ மறுநாளே பணம் கிடைத்துவிடுகிறது. இது உண்மையான சேவை. கடன் நோட்டு எழுதி, மாதக் கடைசியில் வீடு வீடாகப் போய் வசூலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இதற்கு என்ன செலவாகும்? வங்கிக்குப் பணம் திரட்ட ஆண்டுக்கு 7 சதவீதம் ஆகிறது, சராசரியாக 35 நாள் கடன் நிற்கிறது என்று வைத்தால், 0.67 சதவீதம். இரண்டு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இதற்குச் சரியாகிறது.

இரண்டாவது, வாராக்கடன் ஆபத்து. தவணை தவறியவர்களிடம் கார்டு வங்கிகள் மாதம் 3 சதவீதத்துக்கும் மேல், ஆண்டுக்கு நாற்பது சதவீதத்தை ஒட்டி, வட்டி வாங்குகின்றன. ஆபத்துக்கான விலையை ஆபத்தை உண்டாக்குபவர்களிடமே வாங்கிய பிறகு கடைக்காரரிடமும் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. மூன்றாவது, மோசடி. அமெரிக்காவில் கார்டை நீட்டினால் பின் எண் இல்லாமலே கிரெடிட் கார்டு வேலை செய்கிறது. இந்தியாவில் சிப்பும் பின்னும் கட்டாயம். பின் கேட்காத காண்டாக்ட்லெஸ் பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய் எல்லை. இணையத்தில் வாங்கினால் ஓடிபி. இத்தனை பூட்டுக்குப் பிறகும் மோசடியைக் காட்டி அமெரிக்க அளவுக் கட்டணம் கேட்பதற்கு நியாயம் குறைவு.

இந்த மூன்றுக்கும் போக மிஞ்சுவது எங்கே போகிறது? கணிசமான பகுதி ரிவார்டு பாயிண்ட்டாகவும் கேஷ்பேக்காகவும் கார்டு வைத்திருப்பவரிடமே திரும்புகிறது. கடைக்காரர் அந்தச் செலவை விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுப்பவரும் சேர்ந்து சுமக்கிறார். விலையை ஏற்ற முடியாத போட்டியில் கடைக்காரரே சுமக்கிறார். இந்த முழுக் கணக்கிலும் என்னை அதிகம் வருத்துவது இதுதான்: ரொக்கத்தில் அரை கிலோ துவரம்பருப்பு வாங்குபவர், தன்னைவிட வசதியானவரின் விமானப் பயணச் சலுகைக்குக் காசு கொடுக்கிறார். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

ரிசர்வ் வங்கி இந்தத் துறையில் கைவைக்காமல் இருந்ததில்லை. 2012இல் டெபிட் கார்டு எம்.டி.ஆருக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது: 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், மேலே 1 சதவீதம். 2018 ஜனவரியிலிருந்து அளவுகோலையே மாற்றி, பரிவர்த்தனையின் தொகையை விட்டுவிட்டுக் கடையின் அளவைப் பார்த்தது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரையுள்ள கடைக்கு மெஷினில் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் இல்லை. பெரிய கடைக்கு 0.90 சதவீதம், 1,000 ரூபாய்க்கு மேல் இல்லை. சின்னவரிடம் குறைவாக வாங்கு என்ற இந்த யோசனை சரியானது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் எந்த உச்சவரம்பும் வரவில்லை.

2020 ஜனவரியில் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் எம்.டி.ஆர். பூஜ்யமாக்கப்பட்டது. கடைகளில் கியூஆர் அட்டை பரவியதற்கு இது பெரிய காரணம். அந்தப் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. பரிவர்த்தனையை நடத்தும் செலவு பூஜ்யமாகிவிடவில்லை. 2,000 ரூபாய் வரையிலான சிறு கடை யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு 0.15 சதவீத ஊக்கத்தொகை என்று 2024-25க்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய் மத்திய அரசு ஒதுக்கியது. கட்டணம் வரிசெலுத்துபவர் பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். குழப்பமும் கூடியிருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயுடன் 2022இல் இணைத்த பிறகு, அதே கியூஆரில் வரும் பணம் வங்கிக் கணக்கிலிருந்து வந்ததா கிரெடிட் கார்டிலிருந்து வந்ததா என்று கல்லாவில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. சிறு கடைக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் உண்டு. இலவசம் என்று நம்பி மாட்டிய அட்டையில் கட்டணமும் கலந்து வருகிறது.

வெளிநாட்டு அனுபவம் இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டியது. அங்கே கார்டு ஒழிந்துபோகவில்லை. அமெரிக்கா 2011இல் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக்கு வரம்பு கட்டியபோது, பரிவர்த்தனைக்கு 21 சென்ட் என்ற நிலைத்தொகையை முக்கிய அங்கமாக வைத்தது. அதுவரை சில்லறைத் தொகைகளுக்குச் சலுகை விலை தந்த நெட்வொர்க்குகள் அந்தச் சலுகையைக் கைவிட்டன. இரண்டு டாலர் காபி விற்றவருக்குக் கட்டணம் ஏறியது. வரம்பைத் தவறாக வடிவமைத்தால் காப்பாற்ற நினைத்தவரையே அடிக்கும்.

என் முடிவு இது. கார்டு கட்டணம் கொள்ளை அல்ல. பூஜ்யமாக்க வேண்டியதும் அல்ல. ஆனால் இன்றைய அளவில் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் அதில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு ரிசர்வ் வங்கி சதவீத அடிப்படையில் உச்சவரம்பு வைக்க வேண்டும். அதைவிட அவசரமானது, மாதாந்திரக் கணக்கறிக்கையில் இன்டர்சேஞ்ச், நெட்வொர்க் பங்கு, வங்கியின் பங்கு, மெஷின் வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும் என்ற கட்டாயம். பொருளைத் திரும்பக் கொடுத்தாலும் கட்டணம் திரும்பாது, வாடிக்கையாளர் புகார் செய்தால் பணத்தை நிறுத்திவைக்கலாம், விகிதத்தை அறிவிப்பு கொடுத்து மாற்றலாம் என்பன போன்ற ஷரத்துகள் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் கிடக்கின்றன. அவையும் முதல் பக்கத்துக்கு வரட்டும்.

"கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா" என்று கடையில் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கடைக்காரரைக் குற்றம் சொல்பவர்கள், அவருக்கு வேறு என்ன வழி விடப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உச்சவரம்பு வரும்போது 20 லட்சம் என்ற பழைய கோட்டை அப்படியே எடுத்துவைக்கக் கூடாது. நாளுக்குச் சுமார் 5,480 ரூபாய் விற்றாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம். 5 சதவீத லாபத்தில் ஓடும் மளிகைக் கடையில் அது நாளுக்கு 274 ரூபாய். வாடகையும் மின்கட்டணமும் அதிலிருந்துதான். அவரைவிடச் சற்றுக் கூடுதலாக விற்பவரைச் சிறு வணிகராக ரிசர்வ் வங்கியின் அந்த விதி கருதுவதில்லை. பொருள் விற்பவர்களுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு 2019இலேயே 40 லட்சமாக உயர்ந்தது. குறைந்தபட்சம் அந்த அளவுக்காவது கார்டு கட்டணத்தின் கோடும் நகர வேண்டும்.