உரித்தும் உரிமையும்

பதவியினின்று இறங்கிய தலைவர்களைப் பொதுமக்கள் தம் பணத்தால் ஆயுள் முழுவதும் பராமரிக்க வேண்டுமா? இக்கேள்விக்கு நமது பாராளுமன்றம் 2025 செப்டெம்பர் 10ஆம் திகதி ஒரு விடை கூறியது. சனாதிபதிகளின் உரித்துக்கள் சட்டத்தை நீக்கும் மசோதாவுக்கு ஆதரவாக 151 வாக்குகளும், எதிராக ஒரேயொரு வாக்கும் அளிக்கப்பட்டன. மறுநாளே மகிந்த ராஜபக்ஷ கொழும்பு விஜேராம மாவத்தை வாசஸ்தலத்தை விட்டு வெளியேறினார். இதனைக் கண்டு உழைக்கும் மக்கள் மகிழ்வது நியாயமே. ஆயின், ஒரு சட்டம் ஒழிந்ததனால் அதனைப் பெற்றெடுத்த சிந்தனையும் ஒழிந்துவிட்டதென நாம் கருதிவிடலாகாது. அச்சிந்தனையை இனங்காண்பதற்காகவேனும் அச்சட்டத்தை நாம் ஒருமுறை விமர்சனக் கண்கொண்டு வாசிக்க வேண்டியவர்களாகின்றோம்.

1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமாகிய அது, ஜே. ஆர். ஜயவர்த்தன சனாதிபதியாக வீற்றிருந்த காலத்தில் இயற்றப்பட்டது. முன்னாள் சனாதிபதிக்கும், முன்னாள் சனாதிபதியின் விதவைக்கும், உயிருள்ளவரை வாடகையில்லா வாசஸ்தலம்; வாசஸ்தலம் வழங்கப்படாவிடின் ஓய்வூதியத்தின் மூன்றிலொரு பங்குக்குச் சமமான மாதப்படி; சனாதிபதியின் அந்தரங்கச் செயலாளர் பெறும் சம்பளத்துக்கு ஈடான செயலாளர் படி; மந்திரிசபை மந்திரி ஒருவருக்குரிய உத்தியோக வாகனமும் ஏனைய வசதிகளும். இவையே அதன் சாரம்.

செயலாளரும் உத்தியோக வாகனமும் வேலைக்குரிய கருவிகள். வேலை முடிந்தபின் கருவிகள் எதற்கு? தச்சன் இளைப்பாறினால் பட்டறையின் உளியை எவரும் அவன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதில்லை. இங்கோ, பதவி என்பது குறித்த காலத்துக்கு மக்கள் ஒப்படைத்த வேலையாகக் கருதப்படவில்லை. ஒருமுறை ஏற்றபின் உடலோடு ஒட்டிக்கொள்ளும் அந்தஸ்தாகவே கருதப்பட்டது. 'உரித்து' என்னும் சொல்லே இதனைக் காட்டிக்கொடுக்கின்றது. சொத்துக்கு வாரிசாகி வருபவனை உரித்தாளி என்பது நம்மவர் வழக்கு. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. ஆயினும், ஆண்டவனுக்கு ஆண்டதனாலேயே ஒரு மாளிகை உரித்து என்னும் நிலப்பிரபுத்துவ எண்ணம், குடியரசுச் சட்டப் புத்தகத்துக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது.

இவ்வெண்ணம் எத்துணை அபத்தமானது என்பதை 2022ஆம் ஆண்டு நிரூபித்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. ஜூலையில் மக்கள் வீதிக்கு இறங்கிக் கோத்தபாய ராஜபக்ஷவைப் பதவி துறக்கச் செய்தனர். செப்டெம்பரில் அவர் நாடு திரும்பியபோது, முன்னாள் சனாதிபதி என்ற முறையில் அரச வாசஸ்தலம் அவருக்குக் கிடைத்தது. பொருளாதார நெருக்கடி தொடர்பாகக் கோத்தபாய, மகிந்த உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினரென 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் உரித்துக்கள் தொடர்ந்தன. ஏனெனில், ஒருவர் எவ்வாறு ஆண்டார், எவ்வாறு வெளியேறினார் என்று அச்சட்டம் வினவவேயில்லை. ஆண்டாரா என்பது மட்டுமே அதற்குப் போதுமாயிருந்தது.

இவ்விடத்தில் நம் நண்பர்கள் சிலர், "அரசியல்வாதிக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது" என்று முழங்குகின்றனர். அவர்களது ஆத்திரம் நமக்குப் புரிகின்றது. அவர்களது முடிவை நாம் ஏற்க இயலாது. மக்கட் பிரதிநிதிக்குச் சம்பளம் வேண்டுமென முதலில் போராடியவர்கள் யார்? 1838இல் இங்கிலாந்தின் தொழிலாளர் எழுப்பிய சாசன இயக்கத்தின் ஆறு கோரிக்கைகளுள் அதுவும் ஒன்றாகும். அக்கோரிக்கை அங்கு நிறைவேற 1911ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் பொதுச்சபை உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுண் வழங்கப்பட்டது. நிலமும் தோட்டமும் உள்ளவன் ஊதியமின்றி அரசியல் செய்யலாம். கூலி உழைப்பாளியால் அது முடியாது. பிரதிநிதிக்கு எதுவும் கொடாதே என்னும் கோஷம், எவ்வளவு தீவிரமாய் ஒலித்தாலும், முடிவில் பணக்காரர்க்கே பாராளுமன்றத்தைத் திறந்துவிடும்.

ஆகவே, வாழ்வூதியம் வேறு, வரிசை வேறு. பொதுவேலையில் காலத்தைச் செலவிட்டவர் முதுமையில் வறுமைப்படாதிருத்தல் உரிமை; அதனை எந்த உழைப்பாளிக்கும் நாம் கோருகின்றோம், தலைவருக்கு மட்டும் மறுக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின்படி முன்னாள் சனாதிபதிக்கு ஓய்வூதியம் உண்டு. முன்னைய சேவைக்காக வேறு ஓய்வூதியம் பெறுபவராயின், இது அதற்கு மேலதிகமானது. 2025ஆம் ஆண்டின் சட்டம் அதில் கைவைக்கவில்லை. பறிக்கப்பட்டவை மாளிகையும் வாகனமும் பரிவாரமுமே. உயிருக்கு ஆபத்துள்ளவருக்குப் பாதுகாப்புத் தேவையெனில் அது ஆபத்தின் அளவைப் பொறுத்தது, பட்டத்தைப் பொறுத்ததன்று.

எனினும், உரிமை என்று சொல்லும்போதே அளவுகோலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 1977ஆம் ஆண்டின் பாராளுமன்ற ஓய்வூதியச் சட்டம், ஐந்தாண்டுச் சேவைக்கே வாழ்நாள் ஓய்வூதியம் வகுத்தது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஓய்வூதியத்துக்குத் தகுதிபெறக் குறைந்தது பத்தாண்டு சேவையாற்ற வேண்டும். தேயிலைத் தோட்டத்து நாட்கூலித் தொழிலாளியின் நிலை யாது? 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் ஐந்தாண்டு என்றே பேசுகின்றது. ஆனால், பூர்த்தியான ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட்கூலி என்பதே அதன் கணக்கு. ஐந்தாண்டு கொழுந்து பறித்தவளுக்கு எழுபது நாட்கூலி, அதுவும் ஒரே தடவை. அதே ஐந்தாண்டு; ஒருவருக்கு ஆயுள் முழுவதும், மற்றவருக்கு எழுபது நாள்.

அத்தொழிலாளியின் முதுமைக்கு மற்றொரு துணை ஊழியர் சேமலாப நிதி. அவளது கூலியிலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில் வழங்குபவரிடமிருந்து 12 வீதமும் சேர்ந்து வளர்வது அது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அரசாங்கம் இத்தகைய நிதிகளுக்கு இரண்டு வழிகளைக் காட்டியது: கையிலுள்ள கடன் பத்திரங்களை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ளுதல், மறுத்தால், 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி செலுத்துதல். உழைப்பாளியின் முதுமைச் சேமிப்பின்மீது கடன்சுமை ஏற்றப்பட்ட அந்நாளில், 1986ஆம் ஆண்டின் சட்டம் ஓர் எழுத்தும் குறையாமல் நின்றது. நாட்டைக் கடனாளியாக்கிய ஆட்சிக்குத் தலைமை தாங்கியோர் வாடகையில்லா வீட்டிலிருந்தனர். கடன்படாதவள் தன் சேமிப்பால் ஈடுசெய்தாள். வர்க்க சமுதாயம் என்னும் சொற்றொடருக்கு விளக்கம் கேட்கும் மாணவருக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

ஒரு வாசஸ்தலம் காலியானதைக் கொண்டு நாம் திருப்தியடைந்துவிட்டால், இச்சீர்திருத்தம் வெறும் வேடிக்கையாகவே முடியும். மாளிகைகளிலிருந்து மீளும் பணம் நாட்டின் செலவுக் கணக்கில் சிறு துளியே. இதன் பெறுமதி பணத்திலன்று, அது நிலைநாட்டிய கோட்பாட்டில் உள்ளது: பொதுப்பணத்தைப் பெறுவோர் பொதுநியாயத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அது. அக்கோட்பாட்டை மேலிருந்து கீழாக மாத்திரமன்றி, கீழிருந்து மேலாகவும் நாம் நடைமுறைப்படுத்தக் கோர வேண்டும். தலைவருக்கு முதுமையில் கண்ணியமான வாழ்வு அவசியமென்பது உண்மையானால், லயன் அறையில் மூப்படையும் தொழிலாளிக்கும் அது அவசியமே. அவளுக்கும் மாதாந்த ஓய்வூதியம் உறுதிசெய்யப்படும்வரை, உரித்துக்களைப் பற்றிய இவ்விவாதத்தை முடிந்துபோன விவாதமாக நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.