உழைப்பாளர் சிலையும் சூசையப்பரின் கைகளும்

மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய விழா இது. பீடத்தில் நிற்கும் சுரூபத்துக்கு மாலை சூட்டுகிறோம். நூற்பாலையிலும் பவுண்டரியிலும் பாடுபடும் நம் மக்களுக்காக மன்றாடுகிறோம். அப்படியொரு விழாவின் மாலையில், வார்ப்படத் தொழிலில் முப்பது ஆண்டுகள் கழித்த ஒருவர் சுரூபத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "இந்தக் கையில காப்பே காய்க்கலீங்களே, சாமி" என்றார். லீலி மலரை ஏந்திய அந்த வெண்ணிறக் கைகளை அன்றுதான் நாமும் உற்று நோக்கினோம். தச்சருடைய கைகள் அவை என்று சொல்ல எந்த அடையாளமும் அவற்றில் இல்லை.

அந்தச் சொல்லே சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையை நமக்கு நினைவூட்டியது. அதைப் படைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி தமிழர் அல்லர். 1899இல், இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியில் பிறந்தவர்; அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1957 வரை அங்கேயே பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். 1954இல் லலித் கலா அகாதமியின் முதல் தலைவரானார். 1975இல் மறைந்தார்.

உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்க முயல்கிறார்கள். இடுப்பில் சிறு துணி மட்டுமே. முதுகு வளைய, கால் ஊன்ற, தசைகள் புடைக்க, நால்வரின் பலமும் ஒரே திசையில் பாய்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொதேனின் தாக்கத்தை இதில் காணலாம்: உணர்ச்சியை முகத்தில் மட்டும் தேடாமல் உடல் முழுவதிலும் பரப்பிவிடுகிற முறை அது. முதலில் உருவை வனைந்து, அச்செடுத்து, பிறகு உலோகத்தை உருக்கி வார்க்கும் வேலையைப் பீளமேட்டுக்கும் கணபதிக்கும் விளக்க வேண்டியதில்லை. பம்புசெட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் கைகளுக்கு அந்த வெண்கலம் அந்நியமானதன்று.

எனினும் குறைகளைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 'உழைப்பின் வெற்றி' என்பது சிற்பத்தின் ஆங்கிலப் பெயரின் பொருள். ஆனால் பாறை இன்னும் பெயரவில்லை. வெற்றி கண்ணுக்குத் தெரியவில்லை. தமிழ் மக்கள் வெற்றியை விட்டுவிட்டு 'உழைப்பாளர் சிலை' என்றே வழங்குகிறார்கள். மக்கள் இட்ட பெயரே சிற்பத்துக்கு நேர்மையானது என்பது நம் கருத்து. அடுத்தது, அந்த உடல்கள். ராய் சௌத்ரி மற்போரில் நாட்டமுடையவர்; அவருடைய தொழிலாளரும் மல்லர்களாகவே நிற்கிறார்கள். நோயில்பூசுதல் வழங்க நாம் செல்லும் வீடுகளில் கிடக்கும் உடல்கள் வேறு. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து, இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சிரைக்கும் மனிதரின் உழைப்பு தசையில் தெரியாது. மூன்றாவதாக, அங்கே ஒரு பெண்ணும் இல்லை. கொங்கு நாட்டின் நூற்பாலையையும் தோட்டத்தையும் செங்கல் சூளையையும் அறிந்தவர் எவரும் இந்தக் குறையை எளிதில் மன்னிக்கமாட்டார்.

இவ்விடத்தில் ஜெர்மானியச் சிற்பி டில்மான் ரீமன்ஷ்னைடரை நினைக்கிறோம். 1460ஐ ஒட்டிப் பிறந்து, வூர்ட்ஸ்பர்க் நகரில் வாழ்ந்து, 1531இல் இறந்த கத்தோலிக்கர். முன்னர்ஷ்டாட் ஆலயத்துக்கு அவர் செய்த மரப் பீடத்தை வண்ணம் பூசாமல் 1492இல் முடித்துக் கொடுத்தார். மரத்தின் இயல்பான நிறமே போதும் என்று எண்ணினார் போலும். ஊருக்கு அது போதவில்லை. பத்தாண்டுகள் கழிந்தபின் வேறொரு கலைஞரைக் கொண்டு வண்ணம் பூசச் செய்தார்கள். நம் பங்குகளில் நடப்பதும் இதுவே அல்லவா?

1525இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுக்கு எதிராகப் படை அனுப்ப மறுத்த நகர மன்றத்தில் அவரும் இருந்தார். அதற்காகச் சிறையில் வதைக்கப்பட்டார். அவருடைய கைகளை முறித்தார்கள் என்பது சான்றில்லாத பிற்காலக் கதை. ஆனால் சிறையிட்டவர் அந்நகரை ஆண்ட ஆயர் என்பது வரலாறு. குருவாகிய நாம் அதை மறைக்கலாகாது. உழைப்பவரின் உருவை ஆலயத்தில் வைத்து வணங்கிய திருச்சபை, உழைப்பவரோடு நின்றவரைத் தண்டித்த நாளும் உண்டு.

இறைமகன் மனிதராகப் பிறந்தார் என்று நாம் அறிக்கையிடுவது உடலைப் பற்றிய அறிக்கையும் ஆகும். நாசரேத்தில் அவர் தச்சர் என்றே அறியப்பட்டார் என மாற்கு எழுதுகிறார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பின் களைப்பைக் கிறிஸ்துவின் சிலுவையோடு இணைத்துப் பேசுகிறார். அக்கண்ணோட்டத்தில் பார்த்தால், பெயராத பாறை சிற்பத்தின் குறையாகத் தோன்றவில்லை. வெற்றி கைகூடுவதற்கு முன்பே உழைப்பவருக்கு மாண்பு உண்டு. நால்வரில் ஒருவரை நீக்கிவிட்டால் மற்ற மூவரும் சரிந்துவிடுவர்போல் அமைத்திருப்பதே ராய் சௌத்ரியின் பெருஞ்சாதனை. சமய உருவம் எதையும் வடிக்காமலே, நம் சுரூபங்கள் பல சொல்லத் தவறியதை அவர் சொல்லிவிட்டார்.

சுரூபங்களை அகற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவற்றின்முன் நம் தாய்மார் சிந்திய கண்ணீர் உண்மையானது. ஆனால் அடுத்த முறை வண்ணம் பூசப் பங்குப் பேரவை பணம் திரட்டும்போது, சிற்பியிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: சூசையப்பரின் கைகளை நம் ஊர்த் தச்சர் ஒருவரின் கைகளைப் பார்த்துச் செய்யுங்கள் என்று. அந்த வார்ப்படத் தொழிலாளியை அழைத்து வந்து, முதல் மாலையை அவரையே சூட்டச் சொல்வோம்.