எத்தனை பேரில் எத்தனை பேர்?

மருத்துவ ஆராய்ச்சிக்குரிய புள்ளியியலைத் தொடக்க நிலையினர்க்குத் தமிழில் விளக்க முற்படுவோர் பெரும்பாலும் கலைச்சொற் பட்டியலிலேயே தொடங்குகின்றனர். சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் என வரையறைகள் அணிவகுக்கின்றன. ஜொகூர்த் தோட்டப்புறத்து மாணவனும் அவற்றை ஒப்பித்துவிடுகிறான். ஆயின், 'இம்மருந்தால் பதின்மர் குணமடைந்தனர்' என்றொரு விளம்பரத்தைக் கண்டால், 'எத்தனை பேரில் பதின்மர்? மருந்து உண்ணாதவர் நிலை யாது?' என்று கேட்க அவனுக்குத் தெரிவதில்லை. வினா பிறக்குமுன் விடையைப் புகட்டுவதால் நேரும் குறை இது.

இதற்கேற்ற பாடம் மலாயாவிலேயே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் இங்குப் பல்லாயிரவரை மாய்த்தது. தீட்டிய சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது பெரிதும் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அரிதாகவே தீண்டியது. பிராடன் என்னும் மருத்துவர் அரிசியின் மீது ஐயங்கொண்டார். ஆனால் அரிசி மட்டுமா வேறு? இனம், இருப்பிடம், தொழில், கறிவகை யாவுமே வேறு. நம் பாட்டிமார் புழுங்கலரிசியைப் புகழ்ந்தது மெய்யே, புகழ்ச்சி சான்றாகாது.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. பிற உணவு ஒன்றே. இவ்வாறு எண்ணிப் பிரித்ததால் இனமும் வயதும் இருபுறமும் கலந்துவிட்டன. (குலுக்கல் முறை இதனினும் சிறந்தது.) ஓராண்டில் பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர், அதாவது நூற்றுக்கு 15 பேர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. தம் இசைவைக் கூறவியலாத நோயாளரை இவ்வாறு சோதிப்பதை இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லியே ஆகவேண்டும்.

இது தற்செயலாய் நேர்ந்திருக்கலாகாதா? அரிசியால் வேறுபாடே இல்லையெனக் கொள்வோம். அவ்வாறாயின் ஒவ்வொரு சாவும் இப்பக்கமோ அப்பக்கமோ ஏறத்தாழச் சம வாய்ப்புடன் நேர்ந்திருக்கும். பதினெட்டும் ஒரே பக்கம், அதுவும் பச்சரிசிப் பக்கம், குவிவது காசை 18 முறை சுண்டி எல்லா முறையும் தலையே விழுவது போன்றது. 262,144இல் ஒரு வாய்ப்பு! பாடநூல்கள் சூத்திரத்துள் புதைத்து வைத்திருக்கும் சோதனையின் கரு இவ்வளவே. இதனை 'முக்கியத்துவம்' என்று மொழிபெயர்ப்போர் மாணவனை வழிதவறச் செய்கின்றனர். தற்செயலன்று என்பது வேறு, முக்கியம் என்பது வேறு. பல்லாயிரம் பேரை ஆராய்ந்தால் அற்ப வேறுபாடும் தற்செயலன்று எனப் புலப்படலாம். அதனால் நோயாளிக்குப் பயனொன்றும் இராது.

பின்னர் பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் ஜெலுபுப் பகுதியில் சாலைப்பணி செய்த சாவகத் தொழிலாளரிடையே இதனை ஆராய்ந்து 1909இல் வெளியிட்டனர். அனைவரும் ஓரினத்தார், எனினும் நோய் பச்சரிசி உண்டோரையே பற்றியது. இனத்தின் மீதிருந்த ஐயம் அத்துடன் அகன்றது. ஆயினும் இவ்வெண்கள் எவையும் தயமின் என்னும் உயிர்ச்சத்தின் பெயரைச் சொல்லவில்லை. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது என்பது பிற்கால வேதியியலார் கண்டது.